சைக்கிள் கேள்வி பதில்: பெடலை நிறுத்தினால் கத்தும் பின்சக்கரம்

ரோடு பைக் ஓட்டும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஃப்ரீஹப் (பெடலை நிறுத்தினாலும் பின்சக்கரத்தை ஓடவிடும், அதன் நடுவே ஹப்பில் இருக்கும் பாகம்) சத்தம் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம்.

அலுமினிய வீலைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. ஆழமுள்ள கார்பன் வீல் போட்டேன். பெடலை நிறுத்தியதும் தெருவே திரும்பிப் பார்க்கிறது. பழைய வீலில் இப்படி இல்லை. புது ஹப்பில் கோளாறா?
– வாசகர், கோயம்புத்தூர்

கோளாறு இல்லை. ஃப்ரீஹப்புக்குள் ஒரு பல் வளையமும், ஸ்ப்ரிங் அழுத்தத்தில் அதன்மேல் சாய்ந்து நிற்கும் சின்னச் சின்ன இரும்பு நாக்குகளும் இருக்கின்றன. மிதிக்கும்போது நாக்கு பல்லின் செங்குத்தான பக்கத்தில் முட்டி நின்று சக்கரத்தைத் தள்ளும். மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் மட்டும் ஓடும். நாக்கு ஒவ்வொரு பல்லின் சரிவிலும் ஏறி அடுத்த பள்ளத்தில் விழும். அப்படி விழுந்து மோதுகிற ஒலிதான் உங்கள் தெருவுக்குக் கேட்கிறது.

ஸ்ப்ரிங் எவ்வளவு விறைப்பு, நாக்குகள் எத்தனை, பல் எவ்வளவு ஆழம், உள்ளே கிரீஸ் எவ்வளவு என்பதைப் பொறுத்துச் சத்தம் கூடும், குறையும். உங்கள் வீலில் இன்னொன்றும் சேர்கிறது. ஆழமான கார்பன் ரிம் உள்ளே வெறும் கூடு. வீணைக்குக் குடம் செய்கிற வேலையை இங்கே ரிம் செய்கிறது: ஹப்பில் பிறக்கும் ஒலி ஸ்போக் வழியாக ரிம்முக்குப் போய்ப் பெருகி வெளிவரும். அதே ஹப்பை உங்கள் பழைய அலுமினிய ரிம்மில் கோத்தால் இவ்வளவு கேட்காது.

முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் சத்தம் இன்னும் கொஞ்சம் கூடலாம். தொழிற்சாலையில் வைத்த கிரீஸ் பல் வளையத்தின் ஓரத்துக்கு ஒதுங்குவதுதான் காரணம். அதற்கும் பயப்பட வேண்டாம்.

சத்தம் அதிகமென்றால் ஹப் உயர்ந்த ரகம் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகர், சென்னை

நம்ப வேண்டாம். ஷிமானோவின் விலை உயர்ந்த ரோடு வீல்கள் பெரும்பாலும் அமைதியானவை. கிறிஸ் கிங், ஹோப், இண்டஸ்ட்ரி நைன் ஆகியவை நல்ல ஹப்கள், சத்தமும் போடும். மலிவான ஹப்பிலும் விறைப்பான ஸ்ப்ரிங்கைப் போட்டு, கிரீஸைக் குறைத்துவிட்டால் அதே ஆர்ப்பாட்டம் கிடைக்கும். சத்தம் வடிவமைப்பின் விளைவு. அதை வைத்துத் தரத்தை அளக்க முடியாது.

சத்தத்தின் சுருதியை மட்டும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். 700×25 டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர், அதாவது சக்கரம் நொடிக்கு 4.76 சுற்று. 18 பல் ரேட்செட் (பல் வளையம்) அந்த வேகத்தில் நொடிக்கு 86 முறை தட்டும்; அது கரகரப்பான தட்டலாகக் காதில் விழும். 36 பல் என்றால் 171. கிறிஸ் கிங்கின் 72 பல் என்றால் 343. தட்டல் மறைந்து ரீங்காரமாகிவிடும். இண்டஸ்ட்ரி நைனின் ஹைட்ரா ஹப் 690 பிடிப்புப் புள்ளிகள் (ஒரு சுற்றில் நாக்கு பல்லைப் பிடிக்கும் இடங்கள்) கொண்டது. அதில் 690 பல் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். வளையத்தில் 115 பல்தான். ஆறு நாக்குகளும் ஒரே நேரத்தில் விழாமல் ஒன்றன்பின் ஒன்றாக விழும்படி அமைத்திருக்கிறார்கள், 115×6. கடையில் புள்ளிக் கணக்கு சொன்னால், பல் எத்தனை, ஒரே நேரத்தில் பிடிக்கும் நாக்கு எத்தனை என்று திருப்பிக் கேளுங்கள்.

வேகம் குறையுமா என்று இன்னொரு வாசகர் கேட்கிறார். மிதிக்கும்போது ஃப்ரீஹப் பூட்டிக்கொண்டிருக்கும். அப்போது இழப்பு எதுவும் இல்லை. மிதிக்காமல் உருளும்போது நாக்குகளின் உராய்வு உண்டு. காற்று எதிர்ப்போடு ஒப்பிட்டால் அதைப் பேசவே தேவையில்லை.

என்னிடம் டிடி ஸ்விஸ் 350 ஹப், 18 பல் ரேட்செட். 54 பல்லுக்கு மாற்றினால் மிதித்ததும் பிடிக்கும் என்கிறார்கள். பணம் செலவழிக்கலாமா?
– வாசகர், பெங்களூரு

ரோடு பைக்குக்கு 36 போதும். அதுவும் கட்டாயமில்லை.

18 பல்லில் அதிகபட்சம் 20 டிகிரி ஹப் சும்மா சுற்றியபின் பிடிக்கும், 36-ல் 10 டிகிரி, 54-ல் 6.7 டிகிரி. ஆனால் உங்கள் கால் உணர்வது ஹப்பின் கோணத்தை அல்ல, கிராங்கின் (பெடலைத் தாங்கும் தண்டின்) கோணத்தை. ஹப் கோணத்தைக் கியர் விகிதத்தால் வகுத்தால் அது கிடைக்கும். சமதரையில் 50×17 கியரில் (முன்னால் 50 பல், பின்னால் 17 பல்), 170 மி.மீ. கிராங்கில், 18 பல்லுக்குப் பெடல் வெறுமனே நகரும் தூரம் அதிகபட்சம் 20 மி.மீ.; 36 பல்லுக்கு 10; 54 பல்லுக்கு 7. இதைக் கால் கண்டுபிடிப்பது கடினம். ஏற்றத்தில் 34×34 போட்டால் கணக்கு மாறும்: 59, 30, 20 மி.மீ. மலைப்பாதையில் பாறைமேல் நின்று நின்று மிதிக்கும் மவுண்டன் பைக்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிது. தொடர்ந்து மிதித்துக்கொண்டே போகும் உங்களுக்கு இல்லை.

பல் எண்ணிக்கை கூடக் கூடப் பல் சிறியதாகும், ஆழம் குறையும். அழுக்கையும் கெட்டி கிரீஸையும் 18 பல் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு 54 பல் பொறுக்காது. மாற்றினால் பராமரிப்பையும் கூட்ட வேண்டும்.

கிரீஸ் போட்டுச் சத்தத்தைக் குறைக்க முடியுமா? எந்த கிரீஸ், எவ்வளவு? வீட்டிலேயே செய்யலாமா?
– வாசகர்கள், திருச்சி, மதுரை, ஈரோடு

முடியும். வீட்டிலேயே செய்யலாம். முதலில் உங்கள் ஹப் எந்த வகை என்று பாருங்கள், ஏனென்றால் ஷிமானோவின் வழக்கமான ஃப்ரீஹப் பாடி திறந்து சரிசெய்வதற்கானதல்ல. அது மூடிய பொருள், கெட்டால் ஆக்சிலை வெளியே எடுத்து, உள்ளே இருக்கும் துளை போல்ட்டைக் கழற்றி (பல மாடல்களில் 10 மி.மீ. ஆலன் கீ), முழு பாடியையும் மாற்றுவதுதான் வழி.

டிடி ஸ்விஸ்ஸின் ரேட்செட் வகை எல்லாவற்றிலும் சுலபம். சக்கரத்தைப் படுக்கவைத்து, கேசட்டை (பின்பக்கப் பல்சக்கர அடுக்கை) இரு கையாலும் பிடித்து நேராக மேலே இழுத்தால் எண்டு கேப்போடு (அச்சின் முனை மூடியோடு) பாடியும் வந்துவிடும். கருவியே வேண்டாம். உள்ளே எதிரெதிராகப் பல் வைத்த இரண்டு வளையங்களும் இரண்டு கூம்பு ஸ்ப்ரிங்குகளும் இருக்கும். புதிய எக்ஸ்பி வகையில் ஒரு வளையம் ஹப்பிலேயே திருகியிருக்கும், ஸ்ப்ரிங்கும் ஒன்றுதான். வெளியே எடுக்கும் முன் ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கூம்பின் எந்தப் பக்கம் எங்கே இருந்தது என்பது பிறகு நினைவில் நிற்காது.

நாக்கு வகையில் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஹோப் ப்ரோ 4-ல் எண்டு கேப்பையும் பாடியையும் கையால் இழுத்தே எடுக்கலாம். கேம்பக்னோலோ, ஃபுல்க்ரம் ஹப்களில் 17 மி.மீ. நட் ஒன்று இருக்கும், அது இடதுமரை. கழற்ற வலப்பக்கமாகத் திருக வேண்டும். இது தெரியாமல் வழக்கமான திசையில் முக்கி நட்டின் முனையை மழுக்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். பாடியை மேலே தூக்கும்போது ஒரு கையால் அடிப்பகுதியைப் பொத்திக்கொள்ளுங்கள், கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்திருங்கள். ஒவ்வொரு நாக்குக்கும் தனி ஸ்ப்ரிங் வைத்த ஹப்களில் அது துள்ளி ஓடினால் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பிரித்ததும் பழைய கிரீஸைத் துணியாலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் துடையுங்கள். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். பாடியை அப்படியே மண்ணெண்ணெயில் ஊறப் போடாதீர்கள். அதற்குள் இருக்கும் பேரிங்கின் கிரீஸும் கரைந்து போய்விடும். சுத்தமானபின் நல்ல வெளிச்சத்தில் நாக்கின் முனையையும் பல்லின் விளிம்பையும் பாருங்கள். விளிம்பு கூராக இருக்க வேண்டும். மழுங்கியிருந்தாலோ சிதைந்திருந்தாலோ கிரீஸ் மருந்தாகாது. நாக்கும் ஸ்ப்ரிங்கும் சேர்ந்து மாற்ற வேண்டும். பல் வளையமே சிதைந்திருந்தால், அது ஹப்பில் திருகிய வளையமா, ஹப்போடு ஒட்டியதா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

இனி கிரீஸ். கார் பேரிங்குக்கு விற்கும் சாதாரண கிரீஸ் என்எல்ஜிஐ (கிரீஸின் கெட்டித்தன்மை அளவுகோல்) 2 தரம். அது இங்கே கெட்டி. டப்பாவில் 0 அல்லது 00 என்று போட்டிருக்கும் கூழ் போன்ற கிரீஸ், அல்லது ஃப்ரீஹப்புக்கென்றே விற்கும் கிரீஸ் வேண்டும். டிடி ஸ்விஸ் தன் ரேட்செட்டுக்குச் சிவப்பு நிற கிரீஸ் ஒன்றை விற்கிறது. அந்த வகைக்கு அதையே போடுங்கள். அளவு: பல் வளையம் முழுமைக்கும் ஒரு பட்டாணி. சின்ன பிரஷ்ஷால் தடவியபின் ஒவ்வொரு பல்லின் வடிவமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பள்ளம் நிரம்பித் தெரிந்தால் அதிகம், துடைத்துவிடுங்கள். நாக்கு அசையும் குழியில் கிரீஸ் வேண்டாம். மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும்.

பூட்டும்போது நாக்குகளை உள்ளே அழுத்திப் பிடிக்க விரல் போதாமல் போகும். தையல் நூலை நாக்குகளைச் சுற்றி ஒரு முறை இறுக்கி, பாடியைப் பாதி இறக்கியதும் நூலை உருவிவிடுங்கள். பிறகு கேசட் பக்கத்திலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே மெதுவாக அழுத்தினால் உட்கார்ந்துவிடும். சுத்தியலுக்கு இங்கே வேலை இல்லை.

இதனால் சத்தம் தாழ்ந்து மழுங்கும், நின்றுபோகாது. முழு அமைதி வேண்டுமென்றால் வேறு வகை ஹப்தான் வாங்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறோம்.

டபிள்யூடி-40 அடிக்கலாமா? கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸைக் கழுவிவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். சத்தம் முன்பைவிடக் கூடும். செயின் ஆயில்? அதுவும் வேண்டாம், ஒட்டும். தேங்காய் எண்ணெய் விடலாமா என்றும் ஒரு கடிதம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைகிற எண்ணெயை நாக்குகளுக்கு விட்டுவிட்டு மார்கழி விடியலில் ஊட்டிப் பக்கம் ஏறாதீர்கள்.

சத்தத்தைக் குறைக்க நிறைய கிரீஸ் அடைத்தேன். அமைதியாகிவிட்டது. ஆனால் நேற்று எழுந்து மிதித்தபோது பெடல் ஒரு கணம் வழுக்கியது. செயின் வழுக்கியிருக்குமா?
– வாசகர், சேலம்

பதிலைப் படித்து முடித்துவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், சரிசெய்யும்வரை ஓட்டாதீர்கள். வழுக்கியது பெரும்பாலும் ஃப்ரீஹப்.

கெட்டி கிரீஸில் நாக்கு முழுதாக எழும்பாது. பல்லின் அடிவரை இறங்காமல் நுனியை மட்டும் பிடிக்கும். மெதுவாக மிதிக்கும்போது அது தாங்கும். எழுந்து நின்று முழு எடையையும் ஒரு காலில் போட்டால் நுனி நழுவும், அல்லது ஓரம் உடையும். பெடல் திடீரென்று காலியாகிவிடுவதால் உடல் முன்னால் சரிந்து மேல்குழாயிலோ ஹேண்டில்பாரிலோ மோதும். ஃப்ரீஹப் கோளாறுகளில் ஆளைக் காயப்படுத்துவது இதுதான்; சத்தத்தால் எவருக்கும் அடிபட்டதில்லை.

செயின் வழுக்கலா, ஃப்ரீஹப் வழுக்கலா என்று பிரித்தறிவது எளிது. செயின் வழுக்கினால் குறிப்பிட்ட ஒன்றிரண்டு கியரில் மட்டும் நடக்கும், செயின் பல்மேல் ஏறி இறங்குவது பின்னால் கேட்கும். ஃப்ரீஹப் வழுக்கினால் எந்த கியரிலும் நடக்கும். செயின் பல்லிலேயே இருக்க, கேசட் மட்டும் ஹப்புக்குள் சுற்றிவிடும்.

பிரித்து, எல்லாவற்றையும் துடைத்து, மேலே சொன்ன அளவில் மட்டும் போடுங்கள். ஒவ்வொரு நாக்கையும் விரலால் அமுக்கி விடுங்கள். தயங்காமல் டக்கென்று எழும்ப வேண்டும். பூட்டியபின் சேணத்தில் ஏறாமல், பின்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடலைக் கையால் பலமாக அழுத்துங்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் இப்படிச் செய்து பாருங்கள். ஓரிடத்தில் நழுவினாலும் சாலைக்கு எடுக்கக் கூடாது.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பின்சக்கரம் திடீரென்று ஊளையிட்டது. டிக் டிக் ஓசை அல்ல, நீண்ட ஊளை. மிதித்தால் நின்றுவிடும். பழைய வீல், வாங்கி வெகு நாளாகிறது.
– வாசகர், நாமக்கல்

70 கொண்டை ஊசி வளைவுகள், நீளமான இறக்கம், மிதிக்கவே வேலையில்லை. இந்தக் கோளாறு வெளிப்படுவதற்கு ஏற்ற இடம்தான்.

சில ஹப்களில் ஃப்ரீஹப் பாடியின் உள்முனையில் பேரிங் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் புஷ் (பேரிங்குக்குப் பதிலான வழுவழுப்பான வளையம்) இருக்கும். மாவிக்கின் பழைய எஃப்டிஎஸ்-எல் அமைப்பு இப்படிப்பட்டது. எண்ணெய் வற்றிவிட்டால் புஷ் உலோகத்தின்மேல் உரசி அதிரும், அதுதான் ஊளை. மிதிக்கும்போது பாடியும் ஹப்பும் சேர்ந்து சுற்றுவதால் உரசல் இல்லை, ஊளையும் நிற்கிறது. அலட்சியமாக விட்டால் புஷ் பிடித்துக்கொண்டு கேசட்டையும் முன்னோக்கி இழுக்கும். மேல்பக்கச் செயின் தொய்ந்து ஸ்போக்கிலோ ஃப்ரேமிலோ சிக்கும். இறக்கத்தில் அது நடக்கக் கூடாது.

தீர்வு கிரீஸ் அல்ல. பாடியைக் கழற்றி, புஷ்ஷையும் அது உட்காரும் இடத்தையும் துடைத்து, மெல்லிய மினரல் ஆயில் விட்டுப் பூட்டுங்கள். கேசட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். எண்ணெய் விட்ட பிறகும் ஊளை வந்தால் காரணம் அந்தத் தேய்மானமாகத்தான் இருக்கும். மலை ஏறும் முன் வீட்டில் ஒரு சோதனை: வண்டியை ஸ்டாண்டில் வைத்துப் பெடலை வேகமாகச் சுற்றி விட்டு நிறுத்துங்கள். செயினின் மேல்பக்கம் தொய்ந்தால் ஃப்ரீஹப் இழுக்கிறது என்று பொருள். கெட்டி கிரீஸ், வீங்கிய சீல், கெட்ட பேரிங் எதுவானாலும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

சீராக வந்துகொண்டிருந்த சத்தம், மழையில் ஓட்டிய பிறகு விட்டுவிட்டு வருகிறது. முன்பைவிடச் சத்தம் குறைவு. தானாகச் சரியாகிவிட்டதா?
– வாசகர், புதுச்சேரி

இல்லை. நாக்குகளில் ஒன்று ஒட்டிக்கொண்டது, அல்லது அதன் ஸ்ப்ரிங் உடைந்தது. மூன்று நாக்குக்குச் செய்த ஹப்பில் இப்போது இரண்டுதான் சுமக்கின்றன. சத்தம் போடும் ஹப் தானாக அமைதியாவதைத்தான் நாங்கள் அதிகம் சந்தேகிப்போம்.

கடலோரத்தில் உப்புக் காற்றும் மழைநீரும் சேர்ந்தால் மெல்லிய ஸ்ப்ரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை பிரித்துத் துடைப்பதை வழக்கமாக்குங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் அழுத்தக் குழாயைக் கேசட்டின் பின்பக்கம் காட்டாதீர்கள். சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போக அதுவே குறுக்குவழி.

எனக்கு மிதிக்கும்போதுதான் டிக் டிக் சத்தம். ஃப்ரீஹப்பை மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், திருநெல்வேலி

மாற்றாதீர்கள். மிதிக்கும்போது வரும் டிக் சத்தத்தில் ஃப்ரீஹப்பைக் கடைசியாகச் சந்தேகித்தால் போதும். முதலில் எண்ணுங்கள்: கிராங்க் ஒரு சுற்றுக்கு ஒரு டிக் என்றால் பெடல், கிராங்க் போல்ட், பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுற்றும் பகுதி). சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒன்று என்றால் ஸ்போக், டயரில் குத்திய கல், ரிம் இணைப்பு. கணக்கில்லாமல் முனகினால் கேசட் லாக்ரிங்கை (கேசட்டைப் பூட்டும் வளையத்தை) பாருங்கள். அதை 40 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். கையால் இறுக்கியது பெரும்பாலும் போதாது. அலுமினிய பாடியில் தனித்தனிப் பல்சக்கரங்கள் ஆழமாகக் கடித்திருந்தாலும் முனகும். மேடுகளை அரத்தால் லேசாகச் சமன்செய்து, மெல்ல கிரீஸ் தடவிக் கேசட்டை மாட்டுங்கள்.

அடுக்குமாடியில் விடியற்காலையில் டிரெயினரில் (சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்தி மிதிக்கும் கருவியில்) ஓட்டுகிறேன். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். சத்தமே இல்லாத ஹப் உண்டா?
– வாசகர், சென்னை

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் டைரக்ட் டிரைவ் டிரெயினர் என்றால் உங்கள் ஹப் அங்கே வேலையே செய்யவில்லை. கேட்பது டிரெயினரின் சொந்த ஃப்ரீஹப். அதுவும் நீங்கள் நிறுத்தும்போதுதான் கேட்கும். இடைவெளியில் நிறுத்தாமல் லேசான கியரில் காலைச் சுற்றிக்கொண்டே இருங்கள். கீழ்வீட்டுக்குப் போவது பெரும்பாலும் தரை வழியாக இறங்கும் அதிர்வு. தடித்த ரப்பர் விரிப்பு போட்டு, சுவரில் முட்டாமல் வையுங்கள்.

சாலைக்குச் சத்தமில்லாத ஹப் உண்டு. ஆனிக்ஸ் நிறுவனம் நாக்குக்குப் பதில் ஸ்ப்ராக் கிளட்ச் (ஒரு திசையில் மட்டும் உராய்வால் இறுகிப் பூட்டும் அமைப்பு) வைத்துச் செய்கிறது. தட்டுவதற்குப் பல்லே இல்லாததால் ஒலியும் இல்லை, பிடிப்பும் உடனே கிடைக்கும். எடை கூடுதல், விலையும் கூடுதல். பணத்தை அதில் போடுவதற்கு முன் ஷிமானோ ஹப் கோத்த வீல் ஒன்றை நண்பரிடம் வாங்கி ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அந்த அமைதியே போதும். சத்தமில்லாத ஹப் வாங்கினால் ஹேண்டில்பாரில் ஒரு மணியும் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் வருவது தெரியாமல் குறுக்கே வரும் நடைப்பயிற்சிக்காரர்களை இதுவரை உங்கள் ஹப்தான் ஒதுக்கிக்கொண்டிருந்தது.